துளசிராம் சொல்லாத சொல்

ஜூன் 3, 2019, திங்கள்

காலையில் மோட்டார் ஓடவில்லை. எலக்ட்ரீசியன் இதோ வருகிறேன் என்றான், வரவில்லை. குளிக்காமலே மெய்ப்புத் திருத்த உட்கார்ந்தேன்.

என் இலத்தீன்–தமிழ் அகராதி இரண்டாம் பதிப்பு வரப்போகிறது. முதல் பதிப்பு 1989இல் வந்தபோது எனக்கு இருபத்தொன்பது வயது. பாதிரியார்களைப் பயிற்றுவிக்கும் குருமடத்தில் இலத்தீன் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. வரும் ஏப்ரலில் ஓய்வு பெறுகிறேன். அதற்குள் புத்தகம் வந்துவிட வேண்டும் என்று அச்சகப் பொறுப்பாளர் ஃபாதர் ஆஸ்வால்ட் என்னைவிட அவசரப்படுகிறார். "சூசைரத்தினம் சார், வெளியீட்டு விழாவுக்குப் பாளையங்கோட்டையே வந்து நிக்கும் பாருங்க" என்று போனில் சிரித்தார்.

A முதல் E வரை முடித்துக் கொடுத்தாயிற்று. இன்று F. அதில் மூன்று பக்கத்தை மட்டும் அப்புறம் பார்க்கலாமென்று எடுத்து வைத்துவிட்டு G-க்குப் போய்விட்டேன்.

ஜூன் 4, செவ்வாய்

செண்பகவல்லி வந்திருந்தாள். கோவில்பட்டிக்காரி. பதினோரு வருடமாக ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். என் அகராதியைப் படித்துத்தான் மொழியியலுக்கு வந்தேன் என்று யாரிடமும் சொல்வாள். அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றியது: இலத்தீன் 'ஃபெரோ', அதாவது 'சுமக்கிறேன்'. அதன் உறவுச் சொற்கள் ரோமிலிருந்து தாமிரபரணிக் கரை வரை எங்கெல்லாம் இருக்கின்றன என்பதுதான் நானூறு பக்கமும்.

தேர்வாளர்கள் அறிக்கை வந்துவிட்டதாம். இருவர் பாராட்டியிருக்கிறார்கள். மூன்றாமவர், புனேயில் இருப்பவர், ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

"மூணாவது அத்தியாயத்துலதான் சார் வந்து நிக்காங்க. நம்ம ஊரு சௌராஷ்டிரக்காரங்க பேச்சுல இந்த வினை இருக்குன்னு உங்க அகராதியில போட்டிருக்கீங்கல்லா, அந்தச் சொல்லு. அப்படி ஒண்ணு அவங்ககிட்ட கெடையாதுங்காரு. பதினேழாந் தேதிக்குள்ள பதில் எழுதிக் குடுக்கணும். துளசிராம்ட்ட நீங்க எழுதி எடுத்த சீட்டு இருந்தா போதும் சார், படம் எடுத்து ஒட்டிருவேன்."

அகராதியில் அந்தச் சொல்லுக்குக் கீழே 'தகவல்: துளசிராம், ஜவுளி வணிகர், பாளையங்கோட்டை' என்று இருக்கிறது. சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு, சீட்டின் மூலையில் சொன்னவர் பெயரும் தேதியும். அப்போது எங்கள் வேலை முறை அது.

தேடிப் பார்க்கிறேன் என்றேன். ஒரு கல்லூரியில் நிரந்தர இடம் இருக்கிறதாம். ஜூலை பதினைந்துக்குள் பட்டம் கையில் இருக்க வேண்டும். அவளுக்கு வயது வரம்பில் இதுவே கடைசி வாய்ப்பு. என் மனைவி பிரகாசி அவளுக்கு இடியாப்பம் கட்டிக் கொடுத்தாள்.

ஜூன் 5, புதன்

மோட்டார் சரியாயிற்று. சீட்டுப் பெட்டிகளை இறக்கித் தூசி தட்டினேன். சீட்டு இல்லை.

ஜூன் 6, வியாழன்

ஃபெரோ, ஃபெர்ரே, துலி, லாத்தும். குருமடத்துப் பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரிப் பாடுவார்கள். விசித்திரமான வினை. சுமக்கிறேன் என்பதற்கு ஒரு வேர், சுமந்தேன் என்பதற்கு முற்றிலும் வேறு வேர். நடந்து முடிந்ததைச் சொல்ல வேண்டி வந்தால் மட்டும் அது அடுத்த வீட்டில் போய் இரவல் வாங்கும். வகுப்பில் இதைச் சொன்னால் எப்போதும் சிரிப்பு வரும்.

உறவுக்குக் குறைவில்லை. கிரேக்கத்தில் ஏறக்குறைய அதே ஒலி. சமஸ்கிருதத்தில் பரதி, அர்மீனியத்தில் பெரெம், ஆங்கிலத்தில் பேர் (bear). நாம் தமிழில் தூக்கித் திரிகிற 'பாரம்' கூட சமஸ்கிருதம் வழியாக வந்து தங்கிவிட்ட விருந்தாளிதான்.

சௌராஷ்டிரச் சொல்லை இங்கே எழுதவில்லை. அவசியமும் இல்லை.

ஒன்று தோன்றுகிறது. ஒரு சொல்லை யாரும் பேசிக் கேட்காமல், விதிப்படி இப்படித்தான் இருந்திருக்கும் என்று நாமே கணித்தால், அதன் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவது எங்கள் துறையின் வழக்கம். இது கேட்ட சொல் அல்ல, ஊகித்த சொல் என்று படிப்பவருக்கு அறிவிப்பு. அச்சுக் கோத்த பவுல்ராஜ் அந்த நட்சத்திரத்தை விட்டிருக்கலாம். அவர் கண்ணும் அவ்வளவு நல்ல கண் இல்லை. இப்போது உயிரோடும் இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

பெந்தகோஸ்து திருநாள். சீடர்கள் தெரியாத மொழியெல்லாம் பேசினார்கள் என்ற வாசகத்தைப் பீடத்தில் வாசிக்க இந்த வருடமும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பிரகாசி திரும்பிப் பார்த்தாள். காலையில்தான் பால்காரரோடு உரக்கச் சண்டை போட்டிருந்தேன்.

மதியம் ஆட்டுக்கறி. சாப்பிட முடியவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

தெற்கு பஜாரில் துளசிராம் கடைக்குப் போனேன். அவர் 94இலேயே காலமாகிவிட்டார். மகன் ஜெகன்னாத் கடையைப் பார்க்கிறார். ஒரு வேட்டி கேட்டேன். விரித்துப் போட்டுக்கொண்டே அவரே ஆரம்பித்தார்.

"சார் நீங்க குருமடத்து வாத்தியார்லா? ஒரு டீச்சரம்மா மார்ச்சுல வந்து ஏதோ எங்க பாஷையில வார்த்தை கேட்டாங்களாம். நான் சேலத்துக்குச் சரக்கெடுக்கப் போயிருந்தேன். அம்மாவுக்கு இப்ப ஒண்ணும் ஞாபகம் இல்ல."

பிறகு சிரித்தார்.

"அப்பா ஒண்ணு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க சார். ஒரு சின்ன வயசு வாத்தியார் வீட்டுக்கு வந்து, எங்க பாஷைக்கே எங்களுக்குத் தெரியாத ஒரு வார்த்தையச் சொல்லிக் குடுத்துட்டுப் போனாராம். காப்பி குடுத்து அனுப்பி வச்சேம்பாங்க."

எட்டு முழ வேட்டி ஒன்று வாங்கினேன். வேறொன்றும் பேசவில்லை.

ஜூன் 13, வியாழன்

அந்தோணியார் திருநாள். தொலைந்த பொருளைத் தேடித் தருபவர் என்பார்கள். பிரகாசி எனக்காக மெழுகுதிரி ஏற்றினாளாம். "சீட்டு கெடைக்கட்டும்னுதான்" என்றாள். அவளுக்கு என்ன தெரியும் என்று தெரியவில்லை.

ஜூன் 15, சனி

செண்பகவல்லி மூன்றாவது முறையாக வந்தாள். தேர்வாளருக்கு எழுதிய பதிலைக் கொண்டுவந்திருந்தாள்.

"சீட்டு இருக்குல்லா சார்?"

"இருக்கும்மா. முப்பது வருசத்துச் சாமான். பெட்டி பெட்டியா கெடக்கு."

"அப்ப வாய்மொழித் தேர்வு அன்னைக்குக் காட்டுதேன்னு எழுதிரட்டுமா?"

எழுது என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் அங்கேயே உட்கார்ந்து எழுதினாள்: 'இச்சொல்லுக்கான மூலச் சீட்டு தொகுப்பாளரிடம் உள்ளது, தேர்வின்போது நேரில் காட்டப்படும்.' பார்த்துக் கொடுங்கள் சார் என்று நீட்டினாள். இரண்டு ஒற்றுப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டாள்.

ஒற்றுப் பிழை பார்த்தேன். சீ.

ஜூன் 17, திங்கள்

பதில் போய்ச் சேர்ந்துவிட்டதாம். தேர்வு 28ஆம் தேதி, வெள்ளி, பகல் பதினொன்றுக்கு. பொது வாய்மொழித் தேர்வு என்பதால் யாரும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். "நீங்க முன்னாடி வரிசையில இருக்கணும் சார்" என்றாள் போனில்.

பவுல்ராஜ் நட்சத்திரத்தை விடவில்லை. பாவம் அந்த மனிதர் ஒரு புள்ளி விட்டதில்லை. நான் போடவே இல்லை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். ஜனவரியில் அவள் என்னைக் கேட்டாள், அந்தச் சொல்லைத் துளசிராம் வீட்டாரிடம் மறுபடி உறுதி செய்ய வேண்டுமா என்று. "அதெல்லாம் நான் பாத்தாச்சும்மா, போட்டுக்கோ" என்றேன். அதை நம்பித்தான் 'களத்தில் உறுதி செய்யப்பட்டது' என்று ஆய்வேட்டில் எழுதினாள். அப்புறமும் மனசு கேட்காமல் மார்ச்சில் கடைக்குப் போயிருக்கிறாள். என்னைவிட நல்ல ஆராய்ச்சிக்காரி.

ஜூன் 20, வியாழன்

இரண்டு நாளாகச் சாரல் காற்று. ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருக்கிறது. கொக்கி வாங்க வேண்டும்.

நடந்தது இதுதான். 1989 பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் F எழுத்துப் பக்கங்கள் அச்சேற வேண்டும். ஃபெரோவின் உறவுகளை எழுதிக்கொண்டே வந்தேன். ரோம், ஏதென்ஸ், பாரசீகம், காசி என்று வந்த வரிசை பாளையங்கோட்டையில் முடிந்தால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று ஓர் ஆசை. நம் ஊரில் சௌராஷ்டிரம் பேசுகிறார்கள். அதுவும் இலத்தீனின் மொழிக் குடும்பம்தான். இந்த வினை அவர்கள் பேச்சில் இருந்தால் எப்படி ஒலிக்கும் என்று விதிகளை வைத்துக் கணித்தேன். அழகாக வந்தது. நட்சத்திரம் போட்டால் அது ஊகம் என்று தெரிந்துவிடும். அதனால் துளசிராம் பெயரைப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டுக்கொண்டால் போயிற்று, இல்லாமலா இருக்கும் என்று நினைத்தேன். அவர் வீடு நடந்து போனால் பத்து நிமிடம். வெள்ளிக்கிழமையே போயிருக்கலாம்.

ஞாயிறு பூசை முடிந்து போனேன். காப்பி கொடுத்தார். சொல்லைச் சொன்னேன். "அப்படி ஒரு பேச்சே எங்ககிட்ட கெடையாதே தம்பி, யாரு சொன்னா?" என்று சிரித்தார். யாரோ சொன்னார்கள் என்றேன்.

புத்தகம் தைத்து அட்டை போட இன்னும் ஆறு மாதம் இருந்தது. கடைசிப் பக்கத்தில் பிழைதிருத்தம் என்று நாற்பத்தொரு பிழைகளைப் பட்டியல் போட்டேன். எல்லாம் எழுத்துப் பிழை. இதைச் சேர்க்கவில்லை.

ஜூன் 22, சனி

பெட்டிகளில் எழுதாத பழைய சீட்டுகள் ஒன்பது இருக்கின்றன. தாள் பழுத்துத்தான் இருக்கிறது. அப்போது நான் பயன்படுத்திய கருநீல மை புத்தகக் கடையில் இன்னும் கிடைக்கிறது.

ஜூன் 24, திங்கள்

பிரகாசி பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாள். மேசை மேல் மைக்கூட்டைப் பார்த்தாள். இருபத்தொன்பது வருடமாக ஆசிரியை, இப்போது தலைமை ஆசிரியை. யார் எந்தப் பக்கத்தைக் கிழித்தார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

"அந்தப் புள்ள மூணு தடவ நடந்துட்டுப் போயிட்டு. இல்லன்னா இல்லன்னு சொல்லிருங்க."

"இப்பச் சொன்னா அவளுக்குத்தான் கஷ்டம்."

"அவளுக்கா, ஒங்களுக்கா?"

மாடிக்குப் போய்த் துணியை எடுத்தேன். துணி இன்னும் காயவே இல்லை.

ஜூன் 27, வியாழன்

நாளை பதினொன்றுக்கு. சட்டை இஸ்திரி போட்டாயிற்று. போன் எடுத்து அவள் எண்ணை இரண்டு முறை பார்த்தேன். நாளைக்குப் படிக்கிற பிள்ளையைக் குழப்பக் கூடாது என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 28, வெள்ளி

உண்மையைச் சொல்லிவிட்டேன்.

பல்கலைக்கழகக் கூடத்தில் எழுபது பேர் இருப்பார்கள். செண்பகவல்லி பச்சைப் பட்டுக் கட்டியிருந்தாள். அவள் மகள் பள்ளிச் சீருடையோடு அம்மாவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. நாற்பது நிமிடம் நன்றாகப் பேசினாள். பரதி, பெரெம் என்று மேடையில் அந்த வினையின் சொந்தபந்தங்களையெல்லாம் வரிசையாகக் கூட்டிவந்து நிறுத்தினாள். ஒரு வாக்கியத்தில்கூடத் தடுமாறவில்லை. புனேக்காரர் கடைசியில் கேட்டார்: "அந்தச் சீட்டைப் பார்க்கலாமா?"

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எல்லாரும் திரும்பினார்கள்.

எழுந்து மைக்கை வாங்கினேன். சீட்டு இல்லை, என்றும் இருந்ததில்லை, அந்தச் சொல்லை இருபத்தொன்பது வயதில் நானே உண்டாக்கினேன், துளசிராம் அதைச் சொல்லவில்லை, இந்த அம்மாவிடமும் பொய் சொன்னேன் என்றேன். பிறகு ஒருவர் கைதட்டினார். அப்புறம் எல்லாரும். துறைத் தலைவர் மேடையிலிருந்து இறங்கிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு நேர்மையா சார்!" என்றார்.

புனேக்காரரும் பாராட்டினார். பாராட்டிவிட்டு, தாளைப் பார்த்துச் சொன்னார்: "ஆனால் ஆய்வாளர், களத்தில் உறுதி செய்யப்பட்டது என்று எழுதியிருக்கிறார். சான்று உள்ளது என்றும் கையெழுத்திட்டிருக்கிறார். இரண்டும் உண்மையில்லை என்று இப்போது தெரிகிறது." மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தி ஆறு மாதம் கழித்து மறுபடி சமர்ப்பிக்க வேண்டும் என்று முடிவு.

ஆறு மாதம். ஜூலை பதினைந்துக்கு இன்னும் பதினேழு நாள்.

வெளியே அவளைத் தேடினேன். ஆட்டோவில் போய்விட்டாளாம். கூட்டத்தில் யார் யாரோ என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

ஜூன் 30, ஞாயிறு

நேற்று நாலு பேர் வீடு தேடி வந்து வாழ்த்திவிட்டுப் போனார்கள். ஃபாதர் ஆஸ்வால்டுக்குக் கோபமே இல்லை. "இத அப்படியே முன்னுரையில எழுதுங்க சார். எத்தன பேருக்குப் பாடம்!" என்கிறார். விழாவில் மறைமாவட்ட ஆயரே இதைப் பற்றிப் பேசுவாராம்.

வெள்ளிக்கிழமை எழுதியதில் சிலவற்றை விட்டுவிட்டேன்.

என் சட்டைப் பையில் ஒரு சீட்டு இருந்தது. பழுத்த தாள், கருநீல மை, மூலையில் துளசிராம் பெயர், 12.2.89 என்று தேதி. ஜூன் 22, சனிக்கிழமையே நான் எழுதியது. நல்ல வேலைப்பாடு. புனேக்காரர் கேட்டபோது கை பைக்குத்தான் போயிற்று.

அப்போதுதான் கடைசி வரிசையில் ஜெகன்னாத்தைப் பார்த்தேன். சான்றுக்குச் சான்றாக இருக்கட்டும் என்று அவள்தான் அவரையும் அழைத்திருந்தாள். நான் அவர் கடையில் வேட்டி வாங்கிய அன்று வேறொன்றும் பேசவில்லை என்று எழுதியிருக்கிறேன். பேசினேன். "யாராவது கேட்டா, அப்பா சொன்னது எதுவும் ஞாபகமில்லன்னுருங்க" என்று கேட்டுக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்காகப் பொய் சொல்வாரா மாட்டாரா என்று தெரியவில்லை. சொல்வார் என்று தெரிந்திருந்தால் சீட்டை எடுத்து நீட்டியிருப்பேன். வேறு வழி இல்லாமல்தான் உண்மையைச் சொன்னேன். அதற்குத்தான் அவ்வளவு கைதட்டல்.

சட்டையைத் துவைக்க எடுத்த பிரகாசி சீட்டைப் படித்துவிட்டு என் மேசையில் வைத்தாள். கிழித்துப் போட்டேன். அவள் இன்றைக்கு என்னோடு பூசைக்கு வரவில்லை. முந்தின பூசைக்குத் தனியாகப் போய்வந்துவிட்டாள்.

ஜூலை 4, வியாழன்

பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதி நேரில் கொடுத்தேன். குற்றம் முழுவதும் என்னுடையது, அவளுக்கு விலக்கு அளியுங்கள் என்று. "இப்படி ஒரு லெட்டர நான் பாத்ததே இல்ல சார்" என்று எழுத்தர் எழுந்து நின்று வாங்கினார். விதி விதிதானாம்.

ஜூலை 15, திங்கள்

ஜன்னலுக்குக் கொக்கி மாட்டினேன்.

ஜூலை 17, புதன்

மதியம் பஸ் ஏறிக் கோவில்பட்டிக்குப் போனேன். அவள் வீடு வாசலில் ஏழெட்டுச் செருப்பு. டியூஷன் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். டீ வந்தது. அந்த வேலை வேறொருவருக்கு ஆகிவிட்டதாம். கௌரவ விரிவுரையாளர் இடத்தையும் இந்த வருடம் புதுப்பிக்கவில்லையாம், ஆய்வேட்டில் பொய் என்று பேச்சு கல்லூரி வரை வந்துவிட்டதால். எல்லாம் நிதானமாகச் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"ஜூன் நாலாந் தேதி நான் வந்து கேட்டேம்லா சார். அன்னைக்குச் சொல்லிருந்தீங்கன்னா அந்த ரெண்டு பக்கத்த எடுத்துட்டு, தவறுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்திருப்பேன். மூணு நாள் வேல. அவங்களும் ஒத்துக்கிட்டிருப்பாங்க."

"தெரியும்மா."

"அன்னைக்கு நான் படி எறங்கி ஆட்டோ ஏறுதேன், அது வரைக்கும் கைதட்டுற சத்தம் கேட்டுச்சு சார். எனக்குத்தான் தட்டுறாங்கன்னு ஆட்டோக்காரர் வாழ்த்துச் சொன்னாரு."

உள்ளே ஒரு பிள்ளை டீச்சர் முடிச்சாச்சு என்று கத்தியது. இருடா என்றாள். நான் மன்னிப்புக் கேட்க வார்த்தையை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். முப்பத்து நாலு வருடம் சொற்களோடு பிழைத்தவன். ஒன்றும் வரவில்லை.

அவளே கேட்டாள்: "மன்னிச்சிட்டேன்னு நான் சொல்லணும்னுதான வந்திருக்கீங்க சார்? சொல்லட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். எழுந்து வந்திருக்க வேண்டும்.

"சொல்லும்மா" என்றேன்.

சொன்னாள். சொல்லிவிட்டு நோட்டுத் திருத்த உள்ளே போனாள்.